அழுக்கே வடிகட்டி: ஒரு சவ்வின் கதை

காபி பில்டரின் மேல் டப்பாவைக் காலியாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். அடியில் இருக்கிற ஓட்டைகள் நன்றாகவே பெரிசு. காபித்தூளின் பொடியெல்லாம் தாராளமாக விழக்கூடிய அளவுதான். ஆனாலும் கீழே இறங்குகிற டிகாக்ஷன் தெளிவாக இருக்கிறது. முதலில் விழும் நாலு சொட்டில்தான் கசண்டு இருக்கும். பிறகு இருக்காது. ஏன்?

காரணம் ரொம்ப எளிது. வடிகட்டுவது அந்த ஓட்டைத் தகடு இல்லை. அதன் மேல் படிந்த காபித்தூள்தான் வடிகட்டுகிறது. தகடு அதைத் தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவே.

கழிவுநீர்த் தொழிலில் இதற்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு: டைனமிக் மெம்பரேன். தமிழில் இயங்கு சவ்வு என்று சொல்லிக்கொள்ளலாம். கடையில் வாங்கி வந்து மாட்டுகிற சவ்வு இல்லை இது. ஓடுகிற தண்ணீரே தன்னிடம் உள்ள பொருளைக் கொண்டு, ஒரு மலிவான தாங்கியின் மேல் உண்டாக்கிக்கொள்கிற சவ்வு. அடைத்துக்கொண்டால் கழுவித் தள்ளிவிட்டு மறுபடி புதிதாக உண்டாக்கிக்கொள்ளலாம்.

நான் சூரத்துக்கு வந்து 14 வருஷம் ஆகிறது. பிழைப்பே சாயத்தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும்தான். சொந்த ஊர் காங்கேயம் பக்கம். ஆக, இரண்டு பக்கமும் சாயம். இந்தச் சவ்வின் வரலாற்றைத் தமிழில் எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

(ஒரு சின்ன எச்சரிக்கை: சவ்வின் மேல் தட்டைச் சுழல விட்டோ, சவ்வையே அதிர வைத்தோ அடைப்பு வராமல் பார்த்துக்கொள்ளும் முறையையும் 'டைனமிக்' வடிகட்டல் என்றுதான் சொல்கிறார்கள். அது வேறு. அங்கே அழுக்கு படியக்கூடாது என்பதுதான் குறிக்கோள். நம் கதையில் அழுக்கு படிந்தே ஆகவேண்டும்.)

அழுக்குப் போர்வை

முதலில் லண்டன். 1829-ல் செல்சீ குடிநீர் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் சிம்ப்சன் என்ற பொறியாளர் பெரிய மணல் வடிகட்டி ஒன்றைக் கட்டினார். தேம்ஸ் ஆற்றுத் தண்ணீர் மணல் படுகை வழியாக மெதுவாக இறங்கி வரும். தண்ணீர் தெளிவாக வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். 1852-ல் சட்டமே போட்டார்கள், லண்டனுக்கு வரும் ஆற்றுத் தண்ணீரை வடிகட்டித்தான் கொடுக்க வேண்டும் என்று.

மணல் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியோடு ஒப்பிட்டால் கிருமி ரொம்பச் சின்னது. கணக்குப்படி அது சுலபமாக நழுவிப் போக வேண்டும். போகவில்லை. ஏனென்றால் மணலின் மேல்பரப்பில் சில நாட்களில் ஒரு வழுவழுப்பான படலம் உண்டாகிறது. வண்டல், பாசி, நுண்ணுயிர்கள் எல்லாம் சேர்ந்த படலம். ஜெர்மன்காரர்கள் அதற்கு ஷ்முட்ஸ்டெக்கெ என்று பேர் வைத்தார்கள். நேர் அர்த்தம் 'அழுக்குப் போர்வை'.

அந்தப் போர்வையின் மதிப்பு 1892-ல் தெரிந்தது. ஹாம்பர்க் நகரம் எல்பெ ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்தது. பக்கத்தில் ஒட்டியே இருந்த ஆல்டோனா நகரமும் அதே ஆற்றுத் தண்ணீரைத்தான் குடித்தது. அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு, ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் எடுத்தது! ஆனால் மணலில் வடிகட்டிக் குடித்தது. அந்த வருஷம் காலரா வந்தபோது ஹாம்பர்க்கில் சுமார் 8,600 பேர் செத்தார்கள். ஆல்டோனா பெருமளவு தப்பித்தது. இரண்டு ஊருக்கும் நடுவே எல்லை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, தெருக்கள் தொடர்ந்துதான் போகும். இதை ஆராய்ந்தவர் காலராக் கிருமியை அடையாளம் காட்டிய அதே ராபர்ட் காஹ். மணிக்கு 100 மில்லிமீட்டருக்கு மேல் வேகமாக வடிகட்டாதே, மேலே உள்ள படலத்தைக் கலைக்காதே என்று விதி சொன்னார்.

நம்ம ஊர் சங்கதி ஒன்று. சென்னை கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-ல் வந்தபோது அங்கே கட்டியதும் இந்த மெதுவான மணல் வடிகட்டிகளைத்தான். ஆக அழுக்குப் போர்வை சென்னைக்கும் தண்ணீர் கொடுத்திருக்கிறது.

அணுகுண்டு ஊரில் ஒரு கண்டுபிடிப்பு

அடுத்த காட்சி அமெரிக்கா. 1950களில் கடல்நீரைக் குடிநீராக்க வேண்டும் என்று அந்த அரசு பணத்தைக் கொட்டியது. இதற்காகவே ஓர் அலுவலகம். 1960-ஐ ஒட்டி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலீஸ் வளாகத்தில் சிட்னி லோப், ஸ்ரீநிவாச சௌரிராஜன் இருவரும் செல்லுலோஸ் அசிடேட்டில் ஒரு சவ்வு செய்தார்கள். (சௌரிராஜன் என்றதும் திருக்கண்ணபுரம் பெருமாள் ஞாபகம் வருகிறதா? எனக்கும்தான். இந்தியாவில் பிறந்து படித்துவிட்டுப் போனவர். பிறகு கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் நெடுங்காலம் இருந்தார்.)

அவர்கள் சவ்வின் ரகசியம், அது ஒரே சீரானது இல்லை என்பது. மேலே மைக்ரானில் ஒரு பங்குகூட இல்லாத மெல்லிய தோல், கீழே பஞ்சு மாதிரி தடித்த தாங்கி. வேலை செய்வது தோல் மட்டும். அதனால் உப்பும் நின்றது, தண்ணீரும் வேகமாக வந்தது. 1965-ல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சின்ன ஊரில் தினம் 5,000 கேலன், அதாவது சுமார் 19,000 லிட்டர் குடிநீர் கொடுக்கும் ஆர்.ஓ. நிலையம் வந்தது. இன்று நம் சமையலறையில் தொங்கும் ஆர்.ஓ. பெட்டிக்குத் தாத்தா அது.

அதே சமயம் டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜில் வேறொரு குழு. அணுகுண்டுக்கு யுரேனியம் பிரிக்க இரண்டாம் உலகப்போரில் உண்டாக்கிய ஊர் அது. அங்கே கர்ட் க்ரௌஸ், ஜேம்ஸ் ஜான்சன் முதலானோர் அயனிகளைப் பிரிப்பதில் கில்லாடிகள். ஜிர்கோனியம் ஆக்சைடு மாதிரியான பொருட்கள் தண்ணீரில் மின்னூட்டத்தோடு இருக்கும், உப்பின் அயனிகளை இழுக்கவோ தள்ளவோ செய்யும் என்பது அவர்களுக்குத் தெரிந்த பாடம்.

அவர்கள் செய்தது இதுதான். நுண்துளைகள் உள்ள குழாய். அதற்குள் அழுத்தத்தோடு உப்புத்தண்ணீர் ஓடுகிறது. அந்தத் தண்ணீரில் மிகக் கொஞ்சம் ஜிர்கோனியம் கூழ்மத்தைக் கலந்துவிட்டார்கள். தண்ணீர் துளை வழியாக வெளியேறும்போது கூழ்மம் குழாயின் உள்சுவரில் படிந்து ஒரு தோலாக நின்றது. அந்தத் தோல் உப்பைத் தடுக்க ஆரம்பித்தது! 1966-ல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் இதழில் இதை வெளியிட்டார்கள். இயங்கு சவ்வு என்ற பெயர் அங்கிருந்துதான் கிளம்பியது.

உப்பை நிறுத்துவதில் அது செல்லுலோஸ் அசிடேட் அளவுக்குக் கெட்டி இல்லை. ஆனால் தண்ணீர் பல மடங்கு வேகமாக வந்தது. பிறகு ஜிர்கோனியத்தின் மேல் பாலிஅக்ரிலிக் அமிலத்தை இரண்டாவது படலமாகப் படியவிட்டார்கள். உப்பு குறைவாக உள்ள தண்ணீரில் 90 சதவீதம் வரை நிறுத்த முடிந்தது.

சாயம் வருகிறது

எனக்குக் கதையில் ரொம்பப் பிடித்த கட்டம் இதுதான். கடல்நீருக்காகப் பிறந்த சவ்வு கடலுக்குப் போகவில்லை. சாயப்பட்டறைக்குப் போனது!

தென் கரோலினாவில் க்ளெம்சன் பல்கலைக்கழகம். சுற்றிலும் துணி மில்கள். அங்கிருந்த க்ரெய்க் ப்ராண்டன் முதலானோர் இந்தச் சவ்வைச் சாயத்தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். பக்கத்திலேயே லா ப்ரான்ஸ் என்ற ஊர். அங்கே ஒரு மில்லில், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆதரவோடு 1970களில் தொடங்கி 80கள் வரை, சிறிய அளவிலும் பிறகு முழு அளவிலும் சோதனை நடந்தது.

சாயம் போட்ட துணியைக் கொதிக்கக் கொதிக்க அலசுவார்கள். அந்தச் சலவைத் தண்ணீர் அப்படியே சூடாகச் சாக்கடைக்குப் போகும். செல்லுலோஸ் அசிடேட் சவ்வு அந்தச் சூட்டைத் தாங்காது. ஆறவைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஜிர்கோனியம் சவ்வு படிந்திருப்பதோ துருப்பிடிக்காத எஃகுத் துகள்களை அழுத்திச் செய்த நுண்துளைக் குழாயில். சூட்டைப் பற்றிக் கவலையே இல்லை. ஆக, சுடுதண்ணீரைச் சூடாகவே வடிகட்டி, சூடாகவே அலசும் தொட்டிக்குத் திருப்பி அனுப்பலாம். தண்ணீரும் மிச்சம், பாய்லர் எரிபொருளும் மிச்சம். 1973-ல் எண்ணெய் விலை ஏறியிருந்த காலம் என்பதை நினைவில் வையுங்கள்.

அடைப்பு வந்தால்? அமிலம், காரம் விட்டுப் பழைய படலத்தைக் கரைத்து எடு. புதுக் கூழ்மம் விடு. கொஞ்ச நேரத்தில் புதுச் சவ்வு. குழாயைக் கழற்றவே வேண்டாம்.

சாயத்தண்ணீரை மறுபடி உபயோகிக்கும் யோசனை அமெரிக்க மில்லில் அவ்வளவு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. திருப்பூர் பனியனுக்கு ஏற்றுமதி ஆர்டர்கள் வர ஆரம்பித்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். அந்த யோசனை அப்போது இங்கே வந்து சேரவில்லை. அதன் விலையைப் பிறகு சொல்கிறேன்.

சரி, இவ்வளவு நல்ல சவ்வு எங்கே போனது? தோற்றுப்போனது. அந்த எஃகுக் குழாய் விலை அதிகம். ஒவ்வொரு முறை படியவிடும்போதும் சவ்வு ஒரே மாதிரி அமையாது, தண்ணீரின் தன்மைக்கேற்ப மாறும். ஆளுக்குக் கைப்பக்குவம் வேண்டும். அந்தப் பக்கம் ஜான் கடாட்டி என்பவர் 1970களின் கடைசியில் பாலிஅமைடு மெல்லேட்டுச் சவ்வை உருவாக்கிவிட்டார். உப்பை நிறுத்துவதிலும் கில்லாடி, தண்ணீர் விடுவதிலும் கில்லாடி. பாய் மாதிரி சுருட்டிக் குழாய்க்குள் போட்டு விற்கலாம். வாங்கு, மாட்டு, ஓட்டு. கைப்பக்குவம் தேவையில்லை. உலகம் அந்தப் பக்கம் சாய்ந்தது. பிரான்சில் கார்பன் குழாயின் மேல் ஜிர்கோனியாவை நிரந்தரமாக ஒட்டிவைக்கும் வழி கண்டார்கள், அது பால், பழச்சாறுத் தொழிலுக்குப் போனது. இயங்கு சவ்வு ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குள் ஒதுங்கியது.

சாக்கடையிலிருந்து மறுபிறவி

இன்னொரு கிளைக்கதை. இதுவும் 1914-லிருந்து தொடங்குகிறது. மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இரண்டு பேர் சாக்கடைத் தண்ணீரில் காற்றை ஊதினார்கள். அடியில் தங்கிய கசடைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, அதன் மேலேயே புதுச் சாக்கடையை ஊற்றி மறுபடி காற்று ஊதினார்கள். கசடில் உள்ள கிருமிகள் பெருகப் பெருகச் சுத்தமாகும் நேரம் வாரக்கணக்கிலிருந்து மணிக்கணக்காகக் குறைந்தது. 'ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்' என்று நாம் இன்றும் ஓட்டுவது அதுதான். அவர்களுக்கு யோசனை கொடுத்த கில்பர்ட் ஃபௌலர் 1916-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கே பேராசிரியராக வந்துவிட்டார் என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியாது.

இந்த முறையில் கடைசிப் படி, கசடைத் தண்ணீரிலிருந்து பிரிப்பது. பெரிய தொட்டியில் விட்டால் கசடு அடியில் தங்கும். தங்காமல் மிதந்தால் போச்சு. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் டார்-ஆலிவர் நிறுவனம் தொட்டிக்குப் பதில் சவ்வை வைத்தது. எம்.பி.ஆர். பிறந்தது. ஆனால் கசடுத் தண்ணீரை அழுத்தத்தோடு பம்ப் செய்ய மின்சாரச் செலவு தாங்கவில்லை. 1989-ல் ஜப்பானில் கசுவோ யாமமோட்டோ குழுவினர் சவ்வைத் தூக்கித் தொட்டிக்குள்ளேயே போட்டு, வெளியிலிருந்து லேசாக உறிஞ்சினார்கள். செலவு குறைந்தது. அதற்குப் பிறகுதான் எம்.பி.ஆர். உலகம் சுற்றியது.

ஆனால் ஒரு தீராத தலைவலி: அடைப்பு. சவ்வின் மேல் கசடு படியாமல் இருக்கக் கீழிருந்து ஓயாமல் காற்றுக் குமிழ் விட வேண்டும். குளோரின் போட்டுக் கழுவ வேண்டும். சில வருஷத்தில் சவ்வை மாற்ற வேண்டும்.

நான் பார்த்த ஒரு நிலையம், பெயர் வேண்டாம். முன்னால் முடி, நூல் எல்லாம் பிடிக்க ஒரு மெல்லிய சல்லடை வைத்தாக வேண்டும். செலவு மிச்சம் பிடிக்க அதை விட்டுவிட்டார்கள். முடி சவ்வில் கயிறு மாதிரி திரித்துக்கொண்டது. இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. புதுச் சவ்வுக்கு விலை கேட்டுவிட்டு முதலாளி சிரித்தார். அதற்குப் பிறகு அங்கே காற்று ஊதும் மோட்டார் அதிகாரி வரும் அன்று மட்டும் ஓடும். தண்ணீர் எப்போதும் போல ஓடைக்குப் போகும். தொழில்நுட்பம் தோற்பது இப்படித்தான், சோதனைச்சாலையில் இல்லை, மாற்று உதிரிபாகத்தின் விலையில்.

இந்த இடத்தில்தான் நம் பழைய சவ்வு மறுபிறவி எடுக்கிறது. 2000-ல் ஜப்பானில் யோஷியாகி கிசோ குழுவினர் ஒரு கேள்வி கேட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படியாதே என்று கசடோடு சண்டை போடுவதற்குப் பதில், படியட்டும் என்று விட்டால் என்ன? சவ்வுக்குப் பதில் 100 மைக்ரான் ஓட்டை உள்ள நைலான் வலையைத் தொட்டியில் இறக்கினார்கள். ஒரு கிருமியின் பருமன் ஒரு மைக்ரான் அளவு. வலை அதற்கு அகலத் திறந்த கதவு. முதலில் கலங்கல்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் கசடு வலையின் மேல் படிந்து ஏடு கட்டியது. அப்புறம் தெளிந்த தண்ணீர். 2002-ல் சீனாவின் ட்சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் ஃபான் பின், ஹுவாங் ஷியா இருவரும் இதற்குத் 'தானே உருவாகும் இயங்கு சவ்வு' என்று பெயர் வைத்து விரிவாக எழுதினார்கள்.

இதன் அழகைப் பாருங்கள். உறிஞ்சும் பம்ப் வேண்டாம். உள்ளே உள்ள நீர்மட்டத்துக்கும் வெளிவரும் மட்டத்துக்கும் சில சென்டிமீட்டர் வித்தியாசம் போதும், தண்ணீர் தானாக வடியும். ஏடு தடித்து வேகம் குறைந்தால் காற்றாலோ தண்ணீராலோ தட்டிவிடலாம். மறுபடி ஏடு கட்டும்வரை வரும் கலங்கலைத் தொட்டிக்கே திருப்பி விடவேண்டும். நம் டிகாக்ஷனின் முதல் நாலு சொட்டு மாதிரி. வலை கிழிந்தால் புது வலை. காஹ் சொன்ன அழுக்குப் போர்வையேதான், மணலுக்குப் பதில் நைலான்.

குறையும் சொல்லவேண்டும். வைரஸை நம்பி விடமுடியாது, குளோரின் அவசியம். ஏடு மெல்லியதாக இருந்தால் கலங்கும், தடித்தால் நின்றுபோகும். அந்த நடு அளவைப் பிடிப்பதுதான் சாமர்த்தியம். கரைந்த உப்பையும், கரைந்த சாயத்தையும் இந்த வலை ஒன்றும் செய்யாது.

நொய்யல்

கடைசியாகச் சொன்னேனே, கரைந்த உப்பு. எங்கள் ஊர்க் கதையே அதுதான்.

பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். கிலோக்கணக்கில் வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது, அத்தனையும் தண்ணீரோடு வெளியே வரும். திருப்பூரின் உப்பும் சாயமும் நொய்யலில் இறங்கி, 1992-ல் பாசனத்துக்குத் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் வந்து தேங்கின. அணை கட்டியது பயிருக்கு. கடைசியில் அந்தத் தண்ணீரைத் திறக்காதே என்று விவசாயிகளே நீதிமன்றம் போனார்கள். தென்னையும் கிணறும் உப்பானவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத நிலையை எட்டினால்தான் திறக்கலாம் என்றது. வேலை இழந்தவர்கள் ஒரு பக்கம், நிலம் இழந்தவர்கள் ஒரு பக்கம். இரண்டு பக்கமும் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு.

இன்று திருப்பூர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் உயிரியல் தொட்டி, ஆர்.ஓ., ஆவியாக்கிகள் வரிசையாக நிற்கின்றன. தண்ணீரும் உப்பும் பட்டறைக்கே திரும்புகின்றன. லா ப்ரான்ஸ் மில்லின் அதே யோசனை, ஒரு நீதிமன்ற உத்தரவு வழியாக, சில பத்தாண்டுகள் கழித்து.

நான் இருக்கும் சூரத்தில் வேறொரு பாதை. 2014-லிருந்து பம்ரோலியில் மாநகராட்சி தினம் 4 கோடி லிட்டர் ஊர்ச் சாக்கடையை நுண்சவ்வு, ஆர்.ஓ. வழியாகச் சுத்தம் செய்து பாண்டேசரா சாய மில்களுக்கு விற்கும் ஏற்பாடு வந்தது. மில்லுக்குத் தண்ணீர், நகராட்சிக்குக் காசு. இங்கே வாங்குவதற்குப் பணமுள்ள மில்கள் வாசலிலேயே இருக்கின்றன, அதனால் முடிந்தது.

அது இல்லாத ஊர்கள்? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 அறிக்கைப்படி இந்திய நகரங்களில் தினம் உண்டாகும் சாக்கடை சுமார் 7,237 கோடி லிட்டர். கட்டிவைத்த நிலையங்களின் கொள்ளளவு 3,184 கோடி லிட்டர். உண்மையில் அவற்றில் சுத்தமானது 2,024 கோடி லிட்டர்தான். கட்டாததைவிட, கட்டியும் ஓடாதது எனக்கு அதிகம் உறுத்துகிறது. மேலே சொன்ன நிலையம் மாதிரி எத்தனையோ அந்தக் கணக்குக்குள் தூங்குகின்றன.

வலைச் சவ்வு எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. நொய்யலுக்கு அது போதாது, உப்புக்கு ஆர்.ஓ.தான். ஆனால் சாயமே இல்லாத ஒரு பேரூராட்சி, ஒரு கல்லூரி விடுதி, நூறு வீட்டுக் குடியிருப்பு, இங்கெல்லாம் கசடைப் பிரிப்பதற்கு உள்ளூர்க் கடையில் வாங்கக்கூடிய வலை போதுமென்றால், கிழிந்தால் பிளம்பரே மாற்றலாம். இறக்குமதிச் சவ்வின் விலையைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டியதில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. இனி வேண்டியது, நம் வெயிலில், நம் சாக்கடையில், நம் மின்வெட்டோடு மூன்று நான்கு வருஷம் ஓட்டிப் பார்த்துக் கணக்கை வெளிப்படையாக வைக்கும் நிலையங்கள். பேராசிரியர்களும் நகராட்சிப் பொறியாளர்களும் சேர்ந்தால் நடக்கக்கூடிய காரியம்தான்.